பீரோவைத் தள்ளிப் பாத்தீங்களா?

அய்யய்யோ, அப்படி இழுக்காதீங்க தம்பி, கைப்பிடி கையோட வந்துரும்! அந்தக் கதவுக்குன்னு ஒரு முறை இருக்கு. தோளால ஒரு இடி, காலால ஒரு உதை, அப்புறம்தான் அம்மையார் மனசு இறங்கித் திறப்பாங்க. வாங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் உங்களுக்கு ஜூஸ் வாங்கக் கடைக்குப் போயிருக்கார். "வீடு வாங்க வர்ற ஆளுகிட்ட நீ வாயைத் திறக்காதே"ன்னு எனக்கு உத்தரவு. எனக்குப் பேச என்ன இருக்கு, சொல்லுங்க?

கதவைத்தான் சொல்ல வந்தேன். மழைக்கு மரம் ஊதியிருக்குன்னு அவர் சொல்வார். நம்பிடாதீங்க. எங்களுக்கு வித்தானே பழைய ஓனர், அவனும் இதேதான் சொன்னான். இவரும் ஆமா ஆமான்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். கதவோட அடியைப் பாக்க வேணாமா? ஒரு பக்கம் மட்டும் சீவி இருக்கு... குனிஞ்சு பாருங்க, இடுப்பு ஒண்ணும் தேய்ஞ்சுடாது. நிலை சாஞ்சாத்தான் கதவைச் சீவுவாங்க. நிலை ஏன் சாயுது? அடியில மண்ணு இறங்குது! எங்க வீட்டுப் பெரிய மனுஷர் வாசல்ல பூச்செடியைப் பாத்து மயங்கிட்டார்.

அன்னிக்கு வீடு பாக்க என் நாத்தனாரும் கூட வந்தாங்க. "அண்ணி, இந்த ரூம் என்னமா பளபளங்குது!"ன்னாங்க. மத்த ரூமெல்லாம் அழுது வடியுது, இது மட்டும் ஏன் புதுப் பெயின்ட்டுல மினுக்குதுன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. அதே நாத்தனார் ஒரு புடவை எடுக்கப் போனா, கடையையே புரட்டிப் போட்டுட்டு ஒண்ணும் வாங்காம வருவாங்க.

தரையைப் பாருங்க. அவர் மாத்திரை எங்க விழுந்தாலும் சரி, நேரா அந்த மூலையில போய்ப் பொறுக்கிக்கலாம். தேடற வேலை மிச்சம்!

சிரிக்காதீங்க தம்பி. போன தடவை என் மருமக வந்து அந்த ரூம்ல படுத்தா. மேல இருந்து காரை பேந்து பேத்தி தலமாட்டுல விழுந்துச்சு. அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டா. "வேற வீடு மாறுங்க அத்தை, அப்புறம் பாப்பாவை அனுப்பறேன்"னுட்டா. அவளைத் தப்பு சொல்ல முடியுமா? இது வித்தாத்தான் எனக்கு அந்தப் பிள்ளை. மடி ஏங்கிக் கிடக்கு. அதான் வர்றவங்களுக்காக வாசல்லயே நிக்கறேன்.

என்ன, விரிசலா? அப்படிக் கேளுங்க! முடி மாதிரி இருக்கறதெல்லாம் பூச்சு காயற விரிசல், விடுங்க. ஜன்னல் மூலையில இருந்து கோணலாக் கிளம்பி, மேல போகப் போக அகலமாகும் பாருங்க, அதுதான் ஆளை முழுங்கறது. அதை எவன் காட்டுவான்? சோத்துல பூசணிக்காயை மறைக்கறவனைப் பாத்திருக்கேன், அந்தப் பழைய ஓனர் சுவத்தையே பீரோவால மறைச்சான். யாராவது பாதி ஜன்னலை அடைச்சுக்கிட்டு பீரோ வைப்பாங்களா? யோசிக்கணும்ல? இதே இடத்துல, இதோ இதே மாதிரிதான் நிறுத்தியிருந்தான். அந்தப் பக்கம் பிடிங்க. நேத்து இதை இங்க நகத்திட்டு அவர் முதுகைப் பிடிச்சுக்கிட்டார்... ம், தள்ளுங்க... பாத்தீங்களா! விரலை விடுங்க. போகுதுல்ல? எத்தனை தடவை பூசினாலும் திரும்ப வாயைப் பிளந்துடுது. காத்து வருது பாருங்க, ஃபேனே வேணாம்!

தம்பி? என்ன கிளம்பிட்டீங்க? ஃபோன் வந்துச்சா... மணி அடிக்கவே இல்லையே! மாடி இன்னும் பாக்கலயே, அங்கதான் நல்லாத் தெரியும்! தம்பீ!

வாங்க. ஜூஸை அங்க வைங்க. எதிர்ல பாத்தீங்களா அந்தத் தம்பியை? ஓட்டமும் நடையுமாப் போறார். முறைக்காதீங்க. அந்தத் தம்பி கேட்டார், சொன்னேன்... சரி, கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன். போதுமா? பேத்தி வரமாட்டாளேன்னு எனக்கு மட்டும் வயிறு எரியலயா? நாம வீடு பாக்க வந்தப்ப பழைய ஓனர் பொண்டாட்டி இங்கதான் நின்னா. நம்ம பையன் இந்த ரூம்ல தத்தித் தத்தி நடந்தான். பாத்துக்கிட்டே இருந்தா, ஒரு வார்த்தை சொல்லல, புண்ணியவதி. இந்தத் தம்பி சட்டைத் தோள்ல பால் கக்கின கறைங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கு. அதைப் பாத்தப்புறம் நான் எப்படிங்க வாயை மூடிக்கிட்டு நிக்கறது?