நடுங்கும் கையின் தாளம்

இருங்க, இருங்க... கைதட்டல் அப்புறம். முதல்ல ஒரு குட்டிக் கதையைச் சொல்லிடறேன். சொல்லலைன்னா எனக்கு மனசு ஆறாது.

ஜெர்மனியில ஒரு ராக் இசைக்குழு. நான் கற்பனை பண்ணின குழுதான், வீட்டுக்குப் போய்த் தேடாதீங்க! 'தகர மழை'ன்னு பேர் வச்சுக்குவோம். தகரத்தை அறுப்பாங்க... அது பாட்டு! சிமென்ட் கலக்குற மெஷினை மேடையில ஏத்துவாங்க... அதுவும் பாட்டு! வாலிபத்துல ஊரே திட்டுச்சு. அப்புறம் அதே ஊர் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு.

அதுல டிரம்ஸ் வாசிக்கிறவங்க ஹைட்ரூன்னு ஒரு அம்மா. எழுபது வயசு தாண்டிருச்சு. புது ஆல்பத்துக்கு உட்கார்ற நேரத்துல, கையில நடுக்க நோய். குச்சியை எடுத்தா... டக்... ட-டக்... டக்... தாளம் தள்ளாடுது.

கிடார் வாசிக்கிற எக்கார்ட்கிட்ட சொன்னாங்க: "நான் விலகிக்கறேன்பா. வேற ஆளைப் போட்டுக்க."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தகரத்தையே பாட்டுன்னு சொன்னவங்க நாம. உன் கையைப் பாட்டு இல்லைன்னு சொல்லுவோமா? நீ வாசி. நாங்க உன் பின்னாடி வர்றோம்."

அந்தம்மா அழுதாங்க... அப்புறம் வாசிச்சாங்க. நடுங்குற கைக்காகக் கிடார் காத்து நின்னுச்சு. குரல் காத்து நின்னுச்சு. மாசக்கணக்குல உழைச்சு முடிச்சாங்க.

ஆல்பம், அதை வெளியிடுற கம்பெனிக்குப் போச்சு. மேனேஜர் ஒரே சிரிப்பு. "பிரமாதம் மேடம்! சின்ன வேலை ஒண்ணு மட்டும் பார்த்தோம். உங்க வாசிப்பை எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல சீரான தாளம் போட்டுட்டோம். அட்டையில உங்க பேர் கண்டிப்பா இருக்கும்!"

கேட்டீங்களா அநியாயத்தை? பேர் இருக்குமாம்... கை இருக்காதாம்!

அந்தம்மா கேட்டாங்க: "இதுல நான் எங்க இருக்கேன்?"

"மேடம், ரசிகர்கள் பழைய ஹைட்ரூனைக் கேக்கத்தான் வர்றாங்க. இப்ப இருக்குற உங்களை யாரு கேட்டா?"

விருட்டுன்னு எழுந்தாங்க. "பழைய ஹைட்ரூன் போய்ச் சேர்ந்துட்டா தம்பி. உயிரோட இருக்கிறது நான்தான்!"

ஆல்பத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. மூடிக் கிடந்த பஸ் ஷெட் ஒண்ணைப் பிடிச்சு, தாங்களே வெளியிட்டாங்க, ரசிகர்கள் முன்னாடி நேராவே வாசிச்சாங்க. முதல் பாட்டுலயே கொஞ்சப் பேர் எழுந்து போயிட்டாங்க. "ஐயோ பாவம்"னு ஒருத்தர் காதுபடவே சொன்னார். அந்தம்மா நிறுத்தலை. டக்... ட-டக்... உட்கார்ந்திருந்தவங்க, அடுத்த அடி எப்ப விழும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. அத்தனை வருஷத்துல அந்தக் குழுவை யாரும் அவ்வளவு கவனமாக் கேட்டதில்லை!

சரி... அந்த மேனேஜர் ஜெர்மனியில மட்டும்தான் இருக்காரா? இந்த மண்டபத்துல இல்லையா?

இதோ மேடையில உட்கார்ந்திருக்காங்க எழுத்தாளர் செண்பகவடிவு அம்மா. இன்னிக்கு வெளியாகுறது அவங்க புது நாவல். எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் எதைப் பேசினீங்க? இளம் வயசுல எழுதின முதல் நாவலை! புதுசை ஒருத்தராவது பிரிச்சீங்களா? "இந்த வயசுலயும் எழுதுறாங்களே"ன்னு ஆச்சரியப்பட்டீங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?

பொன்னாடையை மடிச்சு வைங்க. புத்தகத்தைப் படிங்க. பிடிக்கலையா, முகத்துக்கு நேரா திட்டுங்க, அது மரியாதை! உயிரோட உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு... அஞ்சலிக் கூட்டம் நடத்தாதீங்க!