நடந்து வந்தவர்

ஒரு மனுசனை ஒரே வார்த்தையில முடிச்சுக் கட்டுறது நமக்கு எவ்வளவு சுலபமா வருது, பாத்தீங்களா? இந்த இடத்துல உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லியே ஆகணும். டீ வந்தா வாங்கிக்குங்க... காதை மட்டும் இங்க குடுத்துடுங்க!

வேலூர் பக்கம் ஒரு ஊரு. வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன ஊரு. பள்ளிக்கூடத்துக்கு நூறு வருசம் ஆகுது, போருக்குப் போனவங்க பேரையெல்லாம் ஒரு கல்லுல வெட்டி வாசல்ல வைப்போம்னு ஒரு கமிட்டி போட்டாங்க. தலைவரு யாரு? ரிட்டயர்டு சுபேதார் ஏகாம்பரம். அவர் மீசையைப் பாத்தா நீங்களும் நானும் தானா அட்டென்ஷன்ல நின்னுடுவோம்!

அவர் முன்னாடி எண்பத்தஞ்சு வயசுப் பெரியவர் ஒருத்தர் போய் நிக்கிறாரு. பேரு தேவேந்திரன். "எங்கப்பா முனிரத்தினம் பேரையும் சேர்த்துக்குங்க."

சுபேதார் தலையைச் சொறியிறாரு. "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா ஓடிப்போனவராச்சே! வர்ற வெள்ளிக்கிழமை கல்லு வெட்டுறாங்க. அதுக்குள்ள ஏதாவது காகிதம் இருந்தா காட்டுங்க, பாக்கலாம்."

ஓடிப்போனவர்... இன்னா கதைன்னு கேக்குறீங்களா? முனிரத்தினம் வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேர்ந்து சிங்கப்பூர் போனாரு. அங்க ஜப்பான்காரன்கிட்ட பிடிபட்டாரு. அப்புறம், வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போடக் கிளம்புச்சே நம்ம விடுதலைப் படை, அதுல சேர்ந்தாரு. சரி. அதுலயாவது கடைசி வரைக்கும் இருந்தாரா? இல்ல! பர்மா காட்டுல ஒருநாள் அதையும் விட்டுட்டு, திரும்ப வெள்ளைக்காரன் முகாமுக்கே வந்துட்டாரு. அவன் சும்மா விடுவானா? புடிச்சு ஜெயில்ல போட்டான்.

விட்ட பிறகு ஊருக்கு வந்தாரு. ரெண்டு பக்கமும் ஓடினவன்னு ஊரே பேசுச்சு. பள்ளிக்கூடத்துல தேவேந்திரனுக்கு இன்னா பேரு தெரியுமா? 'ஓடிப்போனவன் மகன்.' புள்ள அழுதுகிட்டே வந்து கேக்கும். அப்பா ஒரே பதில்தான் சொல்வாரு. "நான் ஓடலடா. நடந்துதான் வந்தேன்."

இதைக் கேட்டு ஊரு இன்னும் சிரிச்சது. ஓடினா இன்னா, நடந்தா இன்னாய்யா? அந்த மனுசனும் அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப்போனாரு. தேவேந்திரனுக்கு அப்போ பன்னெண்டு வயசு.

தேவேந்திரன் மக குணவதி, காட்பாடி ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்குற பொண்ணு. முனிரத்தினத்தோட பட்டாளக் காகிதம் கேட்டு ரெண்டு வருசமாவே டெல்லிக்கு எழுதிச்சு, லண்டனுக்கு எழுதிச்சு. வந்தது ரெண்டு காகிதம். முதல் காகிதம், விடுதலைப் படை பட்டியல். 'முனிரத்தினம். படையை விட்டு ஓடியவர்.' அவ்வளவுதான்! ரெண்டாவது, வெள்ளைக்காரன் பட்டாளத்துக் காகிதக் கட்டு. அதுல மேல கோபால்னு யார் பேரோ இருந்தது. வேற ஆளு போலன்னு அந்தப் பொண்ணு அதை அலமாரியில போட்டு மூடிடுச்சு.

வியாழக்கிழமை சாயந்தரம். நாளைக்குக் கல்லு வெட்டணும். பெரியவருக்கு மனசு கேக்கல. "ஏம்மா, அந்த இன்னொரு காகிதம் யாரோடது?"

"அது யாரோ கோபாலுப்பா. அவரும் நம்ம ஊருதான்."

"கோபாலா? எங்க தாத்தா பேருல்ல அது! அவரு எங்கம்மா பட்டாளம் போனாரு? சாகுற வரைக்கும் மாடு மேய்ச்சவரு!"

புரியுதா உங்களுக்கு? நம்ம வழக்கம் இன்னா? அப்பா பேரு முன்னாடி, நம்ம பேரு பின்னாடி. கோபால் முனிரத்தினம். அந்தக் கட்டை எழுதின வெள்ளைக்காரன் குமாஸ்தா முன்னாடி நிக்கிறதுதான் பேருன்னு கோபாலைப் புடிச்சுக்கிட்டான்! வாழ்க்கையில மாட்டையும் கம்பையும் தவிர எதையும் பாக்காத தாத்தாவை சிங்கப்பூருக்கு அனுப்பிட்டான்!

குணவதி அலமாரியைத் திறந்து கட்டைப் பிரிக்குது. உள்ள, விசாரணையில அவர் சொன்ன வாக்குமூலம். அதிகாரி கேக்குறான்: "ஏன் ஓடி வந்தாய்?"

அவர் சொல்றாரு... "ஆத்தங்கரையில உங்க பட்டாளத்து ஆள் ஒருத்தன் காலு போய்க் கிடந்தான். சுடணும்னுதான் துப்பாக்கியைத் தூக்கினேன். 'ஐயோ, யம்மா'ன்னான். தமிழ் ஆளு. எங்ககிட்ட மருந்து இல்ல, உங்ககிட்ட இருந்தது. தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு நாள் வந்தேன். ஓடல துரை. ஆளைத் தூக்கிக்கிட்டு எப்படி ஓட முடியும்? நடந்துதான் வந்தேன்."

கீழே இன்னொரு கையெழுத்துல ஒரே வரி. 'தூக்கி வரப்பட்டவர் பிழைத்தார்.'

எண்பத்தஞ்சு வயசு மனுசன்... சின்னப் புள்ள மாதிரி விக்கி விக்கி அழுதாரு. அப்பா பொய் சொல்லலன்னு தெரிய எழுபத்து மூணு வருசம் ஆச்சே!

வெள்ளிக்கிழமை காலையில சுபேதார் அதை ரெண்டு தரம் படிச்சாரு. மீசை துடிக்குது. "பெரியவரே, வெள்ளைக்காரன் பட்டாளம் இந்த வரிசை, விடுதலைப் படை அந்த வரிசை. இவரை எதுல எழுதுறது?"

"ரெண்டுக்கும் நடுவுல எழுதுங்க. இனிஷியலை மட்டும் விட்டுடாதீங்க. அதாலதான் இவ்வளவு கூத்தும்!"

இன்னைக்கும் அந்தக் கல்லுல இருக்கு. 'கோ. முனிரத்தினம். நடந்து வந்தவர்.'

இப்ப உங்களைக் கேக்குறேன். உங்க வீட்டுல, உங்க தெருவுல, 'ஓடிப்போனவன்'னு நீங்க பேரு வச்ச ஆளு ஒருத்தர் இருக்காரா இல்லையா? அந்தக் கட்சியில இருந்து இந்தக் கட்சிக்கு வந்தான், அண்ணன் பக்கம் இருந்து தம்பி பக்கம் போனான்னு சொல்றோமே... எந்தப் பக்கம் போனான்னு கேட்டோம். வரும்போது தோள்ல யாரைத் தூக்கிட்டு வந்தீங்கன்னு ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டோமா? அவர் உயிரோட இருந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டுடுங்க. முனிரத்தினத்தை ஊருல யாரும் அப்படிக் கேக்கவே இல்லீங்க.