செவ்வாய் தோஷ பைக்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் பட்டுச்சேலை மூட்டை.

"அந்த வண்டிக்குச் செவ்வாய் தோஷமாம்பா," என்றார் மூட்டைக்காரர்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"வண்டிக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆமா. என் தம்பி சோழவரத்துல பைக் ரேஸ் ஓட்டிகினு இருக்கான் இல்ல? அவன் முதலாளி, புது பைக்கை மொதமொத ஸ்டார்ட் பண்ண நேரத்தை வெச்சு அதுக்கு ஜாதகம் எழுதிட்டாரு. பொருத்தம் பாத்துதான் ஆளை ஏத்துவாரு."

"வேற பைக் இல்லியா?"

"ஒரு பழசு கீது. மாட்டு வண்டி கணக்கா போவுது. இது பறக்குது. ஆனா தோஷம் கீறவன்தான் ஓட்டணுமாம். தம்பி ஜாதகம் சுத்தம்."

கண்ணமங்கலம் வந்தது. நான் இறங்க வேண்டிய ஊர். இறங்கவில்லை.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? அவனுக்கும் தோஷம்னு ஒரு ஜாதகம் எழுதிக் குடுத்துடு. ஜெயிச்சிடுவான்."

"ஜெயிப்பான். பேப்பர்ல போட்டோ வரும்." மூட்டைக்காரர் குரலைத் தாழ்த்தினார். நான் முன்னால் சாய்ந்தேன். "சேத்துப்பட்டுல பொண்ணு பேசிகினு இருக்கோம். இவன் எந்த வண்டியில ஜெயிச்சான்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, பொண்ணு குடுப்பாங்களா?"