சனிக்கிழமைப் புண்

இளவெயிலில் பிள்ளையை டயப்பர் இல்லாமல் கொஞ்ச நேரம் பாயில் விடுவது நல்லது. காற்றுப் பட்டாலே பாதிப் புண் ஆறிவிடும். இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் அக்கா கேதீஸ்வரி மகளைப் பெற்றுவிட்டு வீடு திரும்பவில்லை. நான் படிப்பதற்காகத் தையல் மெஷினில் குனிந்தே இருந்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அக்காவின் மகளை மானிப்பாயில் என் வீட்டுக்கு நான்தான் தூக்கிவந்தேன். அவள் முகத்தில் அக்காவின் அதே நாடி.

அத்தானின் தாய் பராசக்தி அக்காவின் செத்தவீட்டிலேயே கேட்டார்: "கம்பஸ் படிச்சவைக்குப் பீத்துணி தோய்க்கத் தெரியுமோ?" சிலர் சிரித்தார்கள். செத்தவீட்டில்.

"பல்லு முளைக்கட்டும் மச்சாள், பிறகு உடுப்பிட்டிக்கு எங்கடை வீட்டுக்கே கொண்டுபோறம்" என்றார் அத்தான். அதுவரை சனிக்கிழமை வந்து தூக்கிப்போவார், ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுவார். முதல் பல் வெள்ளையாகத் தெரிந்ததை நான் அத்தானிடம் சொல்லவில்லை.

ஈரம், உரசல், அலசாத சவர்க்காரம். டயப்பர் புண்ணுக்குக் காரணங்கள் இவை. சனி காலைகளில் நான் செய்தவையும் இவைதான். நனைந்த டயப்பரை மாற்றாமல் விட்டேன். சவர்க்காரம் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் துடைத்தேன். அத்தானின் ஓட்டோச் சத்தம் கேட்டதும் புதிய டயப்பரை இறுக்கிக் கட்டினேன். ஞாயிறு அவள் சிவந்துபோய்த் திரும்புவாள். அதைப் பார்த்து நான் அழுதது நடிப்பில்லை.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சிங்க் களிம்பைத் தடிப்பாகப் பூசுவேன். அடுத்த சனிக்குள் ஆறிவிடும். ஆற்றியதும் நான்தான். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி முறை தொடை மடிப்புகளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அது பூஞ்சணம். அதற்கு வேறு மருந்து. எனக்குத் தெரியும். வாங்கவில்லை. தோல் உரிந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

வார்டு வாசலில் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கடை வீட்டுக்கு வந்தாத்தான் பிள்ளைக்கு இப்பிடி வருது. எங்களுக்குப் பார்க்கத் தெரியேல்லை மச்சாள். நீங்களே வளருங்கோ."

"ஓம் அத்தான்" என்றேன்.

இப்போது அவள் என்னோடுதான். புண் ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை. ஆனால் டயப்பர் மாற்றக் கிடத்தினால், என் கை படுமுன்பே காலை ஒடுக்கிக்கொண்டு வீரிடுகிறாள். பார்க்க வரும் அத்தான் மாற்றினால் சிரிக்கிறாள்.

எங்கோ ஒரு புண் இன்னும் இருக்க வேண்டும். தினமும் தேடிப் பார்க்கிறேன்.