சம்பந்திக்கு ஒரு மொஜிட்டோ

ஐயோ மாமா, மிக்சில போட்டுடாதீங்க. துவையலுக்கா அரைக்கப் போறோம்? இப்டி குடுங்க, நான் பண்றேன். அரைச்சா புதினா கசந்து பூடும். கிளாசுல எலைய போட்டு லேசா அமுக்கி வுடணும், அவ்ளோதான். வாசன வந்துச்சா, நிறுத்திடணும்.

இதுவா? பருப்பு கடையற மத்துதான். அம்மா பாத்தா என்னைக் கடைஞ்சிடுவாங்க. நல்ல வேள, அவங்களும் தங்கச்சி சுஷ்மிதாவும் கல்யாண ஜாக்கெட் தைக்கக் குடுக்க மதுராந்தகம் போயிகீறாங்க. நைனாவும் வர நேரமாவும். சம்பந்திக்கு மோட்டார் கொட்டாய்லேருந்து எளநி வெட்டியாறேன்னு போயிகீறாரு. நீங்க கொண்டாந்த பாட்டில அதுக்குள்ள மேல வெச்சிடலாம்.

சர்க்கர கம்மியாவே போடறேன். உங்களுக்கு சுகர் கீதுன்னு மாப்ள ஆதித்யா சொன்னாரு. எலுமிச்சய ரொம்பப் புழியக் கூடாது, தோல்ல கீற கசப்பு எறங்கிடும். ஐஸ அந்தத் துண்டுல சுத்திக் குடுங்க, நாலு அடி அடிச்சிக்கறேன். இப்ப ரம்மு. வெள்ள ரம்முதான் இதுக்கு. மேல சோடா. கலக்கு கலக்குன்னு கலக்காதீங்க, கீழேருந்து ஒரு தூக்கு தூக்கினா போதும். ம், குடிச்சிப் பாருங்க.

எனக்கா? வாண்டாம் மாமா. நான் குடிக்கறதில்ல. சத்தியமா.

எங்க கத்துக்கினனா... ரிசார்ட்டுல கீறோம் இல்ல, போவ வர பாக்கறதுதான். அக்கவுண்ட்ஸ்ல கீறவன் பாக்கக் கூடாதா இன்னா. போன்லகூட வீடியோ போட்டுகினேதான் கீறாங்க.

உப்பு ஒரு சிட்டிகை போடட்டுமா? வாண்டாமா. சரி.

எது மாதிரி கீது? ஓ, உங்க ரிட்டயர்மெண்ட் பார்ட்டில குடிச்ச மாதிரியா. ஆமா, மாமல்லபுரத்துல, எங்க ரிசார்ட்டுலதான வெச்சீங்க. ஞாயித்துக்கெழம மதியானம். நான் வரலன்னு உங்களுக்கு வருத்தம்னு சுஷ்மிதா சொன்னா. லீவு கெடைக்கலன்னு அவள வுட்டுதான் போன்ல சொல்ல வெச்சேன். நைனாவ மட்டும் அனுப்ச்சோம்.

நைனாவா? கோவமெல்லாம் இல்ல மாமா, சீ சீ. உங்க மேல இன்னா கோவம் அவருக்கு. எல போட்டு ஒக்கார வெக்கறதுக்குள்ள சாப்புடாம கெளம்பி வந்துட்டாருன்னு... ஆமா, தப்புதான். நாலு பேரு முன்னாடி உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும். மரியாத கொறைஞ்சிடுச்சான்னு கேக்கறீங்க. இத்த கேக்கத்தான் காலைல கெளம்பி அச்சரப்பாக்கம் வரைக்கும் வந்தீங்களா? பத்திரிக அடிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கலாம்னு.

இல்ல, நீங்க கேக்கறது நாயந்தான். நைனா சொல்ல மாட்டாரு. நான்தான் சொல்லணும்.

ஒக்காருங்க மாமா. நானும் இப்டி கீழ ஒக்காந்துக்கறேன்.

எங்க சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு. நைனாவுக்கு ஒரே தம்பி. குடிச்சிக் குடிச்சே செத்துப் பூட்டாரு. அதுலேருந்து நைனா அந்தக் கடை கீற தெருவுலகூட நடக்க மாட்டாரு. கல்யாணம் காரியத்துல எவனாச்சும் ஊத்திக் குடுத்தா எழுந்து வந்துடுவாரு. நான் ரிசார்ட்டுல சேந்தப்ப அக்கவுண்ட்ஸ்லதான் சேந்தேன், அது பொய்யில்ல. அப்பறம் பாருக்கு ஆளு இல்லன்னு மாத்தி வுட்டாங்க. எனக்கு அது புடிச்சிப் போச்சி மாமா. கை வந்துடுச்சி. வெள்ளக்காரங்கல்லாம் பேரு சொல்லிக் கேட்டு வராங்க. இத்த எந்த வாயால வூட்டுல சொல்றது? நைனா ஊரெல்லாம், எம் புள்ள கணக்கு எழுதறான், ஏசி ரூம்புல கீறான்னு சொல்லிகினு கீறாரு.

அன்னிக்கு லீவு கேட்டேன், குடுக்கல. வேற கவுண்ட்டருக்கு மாத்துங்கன்னும் கேட்டேன். ஆமா மாமா. தென்னங்கீத்து போட்ட கவுண்ட்டருல நின்னது நான்தான். கறுப்பு ஏப்ரனு, கழுத்துல போ டை. நீங்க ரெண்டு தடவ வந்து வாங்கிகினு போனீங்க. அப்ப நம்ம ஒருத்தர ஒருத்தரு போட்டோலதான பாத்துகீறோம்? அதுவுமில்லாம, கிளாஸ நீட்டற கையத்தான் பாப்பாங்க, மொகத்த யாரு பாக்கறாங்க.

மூணாவது தடவ நைனா தோள்ல கைய போட்டு இட்டுகினு வந்தீங்க. எங்க சம்பந்தி, ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுக் குடுப்பான்னீங்க.

அவரு என்னைப் பாத்துட்டாரு. வெள்ள வேட்டி, சுஷ்மிதா அயர்ன் பண்ணிக் குடுத்த சட்ட. அப்டியே நின்னுட்டாரு. என் வாயில நைனான்னு ஒரு வார்த்த வந்திருந்தா போதும் மாமா. வரல. நான் வெல்கம் சார்னேன். எங்க நைனாவப் பாத்து. உங்களுக்கு இன்னா போடட்டும் சார்னு கேட்டேன்.

அவரு என் மானத்த காப்பாத்தினாரா, சுஷ்மிதா கல்யாணத்த காப்பாத்தினாரா தெரியல. கவுண்ட்டரப் பாத்துகினே, நீங்களே பாத்துப் போடுங்க தம்பின்னாரு.

ரம்மு ஊத்தாம குடுத்திருக்கலாம் மாமா. யாருக்குத் தெரியும்? சோடாவும் எலுமிச்சையும் போட்டா பாக்க ஒண்ணுதான். நீங்க பக்கத்துல நின்னுகினு, கஞ்சத்தனம் பண்ணாத, ஊத்துன்னு சிரிச்சீங்க. உங்க பின்னால எங்க மேனேஜரு. ஊத்தினேன். இதே கையால ஊத்திக் குடுத்தேன்.

அவரு வாங்கினாரு. ஒரே மடக்கா குடிச்சாரு. தேங்க்ஸ் தம்பின்னு கிளாஸ எங்கிட்டயே குடுத்தாரு. அப்பறம் சவுக்குத் தோப்புப் பக்கமா போனாரு. நான் கவுண்ட்டர வுட்டுட்டு ஓடினேன். மரத்தப் புடிச்சிகினு வாந்தி எடுத்துகினு இருந்தாரு. கிட்ட போனேன், திரும்பிப் பாக்காமயே கைய ஆட்டி போன்னாரு. மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறிட்டாரு. அதான் மாமா சாப்புடாம போனது.

நீங்க ஏன் தலைய குனியறீங்க? உங்களுக்கு இன்னா தெரியும். கல்யாணம் வேணாம்னு நெனச்சா எம் மேல வெச்சி சொல்லிடுங்க, அவரு மேல வாண்டாம்.

வூட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேக்கல. திட்டல, அடிக்கல, அம்மாகிட்டகூட சொல்லல. நான்தான் தெனம் எதிர்பாத்துகினு கீறேன்.

தோ, வண்டி சத்தம். அவருதான். நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க மாமா. சும்மாவே இருங்க, உங்களுக்கே தெரியும். பொறந்ததுலேருந்து என்னை டேய்னு தவிர கூப்புட்டதில்ல அந்த மனுசன். இப்ப வந்து, சம்பந்திக்கு சொம்பு எடுத்துகினு வாங்க தம்பின்னுவாரு. அன்னிலேருந்து வூட்டுலயும் அப்டித்தான் கூப்புடறாரு.