பூந்தொட்டி வரைக்கும் போன வண்டி

ஹலோ... ஹலோ, சிவநேசண்ணே? பத்துமலை பேசுறேன், புந்தோங்லேருந்து... ஆமா, ஆமா, நானேதான். உக்காந்திருக்கீங்களா?... மொதல்ல உக்காருங்க. கையில டம்ளர் கிம்ளர் இருந்தா கீழ வைங்க... வச்சாச்சா? இப்பக் கேளுங்க. என் பிக்கப் இருக்குல்ல, போன வாரம் அது தானா ஸ்டார்ட் ஆயி, தானா கேட்டத் தெறந்து, பெரிய ரோட்டு வரைக்கும் போயி ஒரு சுத்து சுத்திட்டு, சிக்னல் எல்லாம் போட்டு, திரும்பி வந்து வாசல்ல நின்னுச்சு!... ஆளா? ஆளே இல்லண்ணே! சாவி என் வேட்டி மடிப்புல. நான் கோயில்ல அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன்...

சிரிங்க. நல்லா சிரிங்க...

இல்லண்ணே, லூமுட்ல மீன் பிடிச்ச கத வேற, இது வேற. அந்தத் திருக்கை மீனு உண்மையிலயே பெர்ரிப் படகு அகலம்தான்... சரி, பெர்ரி கதவு அகலம். இப்ப மீன விடுங்க லா!

ஆமா... ஆமா, கமிட்டில எல்லார் முன்னாலயும் என்னைய பொய்மலைன்னு கூப்பிட்டீங்க, மறக்கல. இன்னக்கி அந்தப் பேர நீங்களே திருப்பி வாங்கிக்கணும். ஆதாரம் இருக்கு. எதுத்த வீட்டு குமுதா இப்பத்தான் வந்து காட்டுனா. அவ வீட்டு சிசிடிவில பதிவாயிருக்கு. என் வாசலு, என் வண்டி, டிரைவர் சீட்டு காலி, வண்டி நகருது. உங்களுக்கு அனுப்பச் சொன்னேனே, வந்துச்சா?... பாத்தீங்களா?... என்னது?... ஏஐ-யா!

அடோய், குமுதாவுக்கு போன்ல படத்த திருப்பி வைக்கவே தெரியாதுண்ணே! அவ போயி ஏஐ-ல செய்யுறாளாம்!... பெத்துல் லா, சத்தியமாத்தான் சொல்றேன்.

ஏன் ஓடுச்சுன்னு கேளுங்க... கேளுங்களேன், ஒரு பேச்சுக்கு... அதுக்குக் காரணம் அப்பாவு. எனக்கு முந்தி அந்த வண்டிய எஸ்டேட்டுல ஓட்டுனவரு. ரப்பர் பால் ஏத்துன வண்டி அது. மழ பேஞ்சா பால்வெட்டு கெடையாது, லயத்துல எல்லாரும் இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்குவாங்க. அப்பாவு மட்டும் படுக்க மாட்டாராம். துரைக்குத் தெரியாம வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் சுத்துவாராம். ஒரு மழ நாள்ல அந்த சீட்டுலயே உயிரு போச்சு, ஸ்டியரிங்கப் பிடிச்ச மாதிரியே... ஆமா! அதனாலதான், மழ வந்தா வண்டி முழிச்சிக்குது. குமுதா படத்துலயும் மழதான் பேயுது. மொதல்ல வைப்பர் லேசா ஒரு ஆட்டம் ஆடுது. அப்புறம் லைட்டு, கண்ண முழிக்கிற மாதிரி, மங்கலா... எனக்கே புல்லரிச்சுப் போச்சுண்ணே. அப்புறம் ஒரு குலுங்கு குலுங்கி...

யாரு, நானா பயப்படுறேன்? எனக்கு என்ன பயம்? சந்தோசமா இருக்கு! இருபது வருசம் பஸ் ஓட்டுனேன், ஒரு பஸ்ஸாவது நம்ம பேச்சக் கேட்டிருக்கா? பென்ஷன் வந்த நாள்லேருந்து வாசல்ல போட்டு, துரு சொரண்டி, தகரம் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு... குப்பையா கெடந்தது. இன்னக்கி உயிரோட எந்திரிச்சிடுச்சு பாருங்க!

சரி, அத விடுங்க. நேத்து நம்ம பிக்கப்ப எடுத்துக்கிட்டுப் போனீங்களே, கட்டில் நல்லபடியா வந்து சேந்துச்சா? பூமணி அக்காவுக்கு இடுப்பு வலி எப்படி?... ம்... ம்... மாடி ஏற முடியாதே பாவம்... அதான் கீழ ஹால்லயே போட்டாச்சா. நல்லதுண்ணே. ஹாஸ்பிட்டல் கட்டிலு, தலமாட்ட தூக்கலாம், எறக்கலாம். நம்ம வண்டி ஒரு நல்ல காரியத்துக்கு உதவுச்சு பாருங்க. இன்னும் ரெண்டு நாளு வேணும்னாலும் வச்சிக்கிட்டு... என்ன?... சத்தமாச் சொல்லுங்க, எரச்சலா இருக்கு. அங்க என்ன சத்தம்?... மழயா?

சிம்பாங் பூலாய்ல மழயா? இங்க வெயிலு கொளுத்துதே... ம். கேமரன் மலைப் பக்கம் கருத்துக் கெடந்துச்சு காலையில... எப்பலேருந்து பேயுது?... நல்ல மழயா?

அண்ணே, வண்டி எங்க நிக்குது?... போர்ச்சுலயா. ம். மூஞ்சி ரோட்டப் பாத்தா, வீட்டப் பாத்தா?... ரிவர்ஸ்ல உள்ள விட்டீங்களா. கட்டில் எறக்குறதுக்கு, ஆமா, சரிதான்... அப்ப பின்பக்கம் ஹால் சன்னல ஒட்டி. பொனெட் வெளிய... மழயில நனையுதா?

இல்ல, சும்மாதான் கேக்குறேன்... அண்ணே, வண்டிய விட்டு எறங்கும்போது கியர என்ன செஞ்சீங்க?... ஆமா, நான்தான் சொன்னேன், ஹேண்ட்பிரேக் பிடிக்காது, கியர்லயே விட்டுட்டு எறங்குங்கன்னு. எந்த கியர்ல விட்டீங்க?... அப்படியேன்னா... ரிவர்ஸ்லயே?

...

இருக்கேன், இருக்கேன். போன் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்கா கட்டிலு ஹால்ல எங்க கெடக்கு?... காத்து வரட்டும்னு சன்னலோரம். ம்... தலமாடு சன்னல் பக்கமா.

அண்ணே, நான் இப்பச் சொல்றத சிரிக்காமக் கேளுங்க. அக்காவ அங்கேருந்து எடுங்க... எடுங்க லா, வேற ரூமுக்கு... எதுக்கா? வண்டி நகரும்ண்ணே! அதத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்!... இல்ல, அப்பாவு இல்ல... அப்பாவு வேணாம்ண்ணே, அப்பாவ விடுங்க. அந்தாளு ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு எல்லாம் சாகல. பென்ஷன் வாங்கிக்கிட்டு மக வீட்டுல படுத்துத் தூக்கத்துல போனாரு. நான்தான் கொஞ்சம்... ஆமா. பெரிய ரோட்டுக்கும் போகல. கேட்டும் தெறக்கல. சிக்னலும் போடல. வாசல்ல இருந்த பூந்தொட்டி வரைக்கும்தான் போச்சு, அதுல முட்டி நின்னுடுச்சு. ஆனா போச்சுண்ணே! ஆளில்லாமப் போச்சு! அத மட்டும் நம்புங்க.

வயருண்ணே. நீங்க அன்னக்கி வந்து பாத்துட்டு, இந்த ஒட்டு வேணாம், மாத்துன்னு சொன்னீங்கல்ல, பேட்டரிலேருந்து ஸ்டார்ட்டருக்குப் போறது... அயர்ன்பாக்ஸ் வயரு, ஆமா, டேப் சுத்தி வச்சிருக்கேன், அதேதான். அதுல தண்ணி எறங்குனா சாவி போடாமலே ஸ்டார்ட்டர் சுத்துது போல. வண்டி கியர்ல நின்னா, ஸ்டார்ட்டர் சுத்துறப்ப வண்டியே நகரும். டீசல் எஞ்சின் வேற, ஒரு தரம் பிடிச்சிடுச்சுன்னா சாவியத் தேடாது... நீங்க என்ஜினியரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?

என்ன?... 'இப்ப வயர்க் கதயா'வா? கதயில்லண்ணே!... சத்தியம்... எது மேல வேணும்னாலும்... ஆமா, திருக்க மீனுக்கும் சத்தியம் பண்ணேன், அது வேற சத்தியம்...

சரி, நம்ப வேணாம். சக்கரத்துக்கு முட்டுக்கட்ட குடுத்து விட்டேனே, ரெண்டு கட்ட, அத வச்சீங்களா? அது இருந்தாப் போதும், நான் போன வச்சிடறேன்... வச்சீங்க, அப்புறம்?... தேசிக்காயா? எலுமிச்சம்பழத்தச் சொல்றீங்களா?... அக்கா சொன்னாங்களா... செத்த மனுசன் படுத்திருந்த கட்டில ஏத்துன வண்டி, நாலு சக்கரத்துக்கும் வைக்கணும்னு... நல்லதுதான், நாங்களும் வைப்போம். அதுக்கு என்ன இப்ப? கட்ட பக்கத்துல இருக்குல்ல?...

எடம் பத்தலன்னு கட்டய எடுத்துட்டீங்களா?

அண்ணே... கட்டய எடுத்துட்டு எலுமிச்சம்பழம் வச்சிருக்கீங்க. ஒரு வண்டிய எலுமிச்சம்பழம் தடுக்குமாண்ணே?

தோலோங் லா, கும்பிட்டுக் கேக்குறேன். பொனெட்டத் தெறந்து பேட்டரி வயரப் புடுங்கிடுங்க... மழ விட்டதும் வேணாம், இப்ப... குடை பிடிச்சிக்கிட்டுப் போங்க... சரி சரி, சளி பிடிக்கும், தெரியுது...

இருங்க. பேசாதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க.

அது என்ன சத்தம்?... மழ இல்ல. மழக்கி நடுவுல. டிக்... அந்தா. டிக்... டிக்... கேக்குதா?... கடியாரமா? உங்க ஹால் கடியாரம் நின்னு போச்சு, பேட்டரி வாங்கணும்னு நேத்துதானே சொன்னீங்க?

...

ஓட்டுலேருந்து தண்ணி சொட்டுதுங்கிறீங்களா. சரி. இருக்கும்... வச்சிடாதீங்க! வச்சிடாதீங்கண்ணே, நான் தோத்துட்டேன், எல்லாம் பொய்யி, போதுமா? ஒரே ஒரு நிமிசம் அக்காகிட்ட போனக் குடுங்க. இடுப்பு எப்படின்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வச்சிடறேன். நாளைக்குக் கேக்கலன்னு கோவிச்சுக்குவாங்க... ஆமா, ஆமா. வண்டியப் பத்திப் பேச மாட்டேன்... சத்தியமா.

அக்கா? பத்துமலை... நல்லாயிருக்கேன்க்கா. அண்ணே பக்கத்துலயா?... கேட்டுட்டுப் போறாரு, கேக்கட்டும். அக்கா, நீங்க பதறக் கூடாது. அந்தக் கட்டில ஏத்துறதுக்கு முன்னால வண்டிப் பின்னால சாக்கு கெடந்துச்சு. இப்பத்தான் குமுதா சொல்றா, அந்தச் சாக்குக்குள்ள ஒண்ணு பூந்தத அவ பாத்திருக்கா... அதுதான்க்கா. படம் எடுக்குற ஜாதி. என் கை நீளம் இருக்கும்... இங்க தேடிட்டேன், இல்ல. கட்டில் காலு பைப்புதானே, உள்ள ஓட்ட... போன வருசம் மலையடிவாரத்துலேருந்து உங்க குசினிக்கு வந்து அடுப்புக்குக் கீழ கெடந்துச்சே, அந்த மாதிரி... சத்தம் ஏதாச்சும் கேக்குதா கட்டில்ல? டிக் டிக்குனு?... கேக்குதா! அதான்க்கா! அதுதான் பைப்புல வாலத் தட்டுது!

கத்தாதீங்க, கத்தாதீங்க... அண்ணனக் கூப்பிடுங்க. சக்கர நாக்காலியக் கொண்டாரச் சொல்லுங்க. ஹால்ல எங்கயும் வேணாம், நேரா பின்னால, குசினிக்கு. கதவச் சாத்திக்குங்க... திட்டுறாரா? கேக்குது, கேக்குது, நல்லா திட்டட்டும். திட்டிக்கிட்டே தூக்கச் சொல்லுங்க!

...

அக்கா?... போன கட்டில்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க... நாக்காலி உருளுது... கேக்குது... கதவு மூடுன மாதிரி...

ஹலோ?

டிக்... டிக்டிக்...

ஐயோ. பிடிச்சிடுச்சு. எஞ்சின் பிடிச்சிடுச்சு. அண்ணே! அண்ணே, குசினிய விட்டு வராதீங்க! கேக்குதா! யாரும் வெளிய வராதீங்க! அண்ணே!...

...

ஹலோ... ஹலோ... குமுதா, தண்ணி வேணாம்மா, சும்மா இரு. கண்ணாடி ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. மழ மட்டும் கேக்குது... நீ மறுபடி அவரு நம்பருக்கு அடிச்சா இந்த லைன் கட்டாயிடும், அடிக்காத... ஹலோ!...

...

யாரு?... அண்ணே! அண்ணே, நீங்களா பேசுறீங்க?... அக்கா?... குசினிலயா? நல்லாயிருக்காங்களா?... அழுறாங்களா... அழட்டும்ண்ணே, அழுதா நல்லது, அழுறது கேட்டாத்தான் எனக்கு... ம்... ம்...

போன் எங்க கெடந்துச்சு?... கட்டில்... ம்... சன்னல் கம்பியோட... எதுத்த சுவரு வரைக்குமா... தலமாட்டுப் பக்கம்... வேணாம்ண்ணே. அதச் சொல்லாதீங்க. தலகாணி எப்படியிருக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க.

எஞ்சின்?... முட்டி நின்னுடுச்சா. கிட்டப் போகாதீங்க. இன்னும் நனஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, மறுபடி பிடிச்சாலும் பிடிக்கும். பேட்டரியக் கழட்ட நான் வாரேன். குமுதா வீட்டுக்காரரு காடியெடுக்குறாரு, இந்தா கெளம்பிட்டோம்...

என்ன?... அக்கா கேக்குறாங்களா, பாம்பு எங்கன்னு?... கட்டிலோட நசுங்கிச் செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க... நம்புவாங்கண்ணே. அக்கா நம்புவாங்க.

...

அண்ணே? இருக்கீங்களா?... எதுக்கு மெதுவாப் பேசுறீங்க?... சாவியா?... உங்க சட்டப் பாக்கெட்லயா. காலையிலேருந்து அங்கதானா... ம்... கதவு பூட்டியிருக்கு... சீட்டுல...

இல்ல, என்ன சொன்னீங்க? மழயில காதுல விழல... தேசிக்காயா?... நாலும் நசுங்கிக் கெடக்கா...

குமுதா, ஸ்பீக்கர்ல போடவா?... வேணாம். நீ காடில ஏறு, நான் வாரேன்.

ம், சொல்லுங்கண்ணே... ஆமா... ஆமா, கேட்டேன்... சீட்டுல யாரும் இல்ல.

ஆமாண்ணே. தானாத்தான் வந்துச்சு.