கிழக்குச் சுவர்க் குலை

மூன்று வருடமாக ஒரு சின்னச் சிக்கலை என்னால் தீர்க்க முடியவில்லை, மேடம். சேக்காட்டில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நான் வளர்க்கும் ஒயின் திராட்சை ஒருமுறைகூட இனிக்கவில்லை.

கொடியில் குறையில்லை. தை மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் சித்திரையில் காய் கறுக்கத் தொடங்கும். கறுப்பது தோல் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை உள்ளே இறங்கும், புளிப்பு குறையும், விதை பழுப்பாகும். அதற்கு நாலைந்து வாரம், அதாவது கத்திரி வெயில் முடியும்வரை பொறுக்க வேண்டும். மாங்காய்போல் பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது.

இதை முதல் மாடி கலியமூர்த்திக்கு மூன்று முறை விளக்கினேன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நிறம் தெரிந்தால் பழம் என்று நம்பும் மூளை. முதலில் கறுக்கும் குலையைச் சாமி படத்துக்கு வைப்பார். சாமிக்கு வைத்தாயிற்று என்று அந்த வாரமே மீதியையும் பறித்து வீடுவீடாகக் கொடுப்பார்.

"இன்னா சார், வாய்ல வெக்க முடியல? உன் கைராசி அப்டி கீது" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார்.

வெயில் படும் குலை முதலில் கறுக்கும். இந்த ஆண்டு ஒரு கிளையை மட்டும் கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இழுத்துக் கட்டி, குலையை மறைத்த இலைகளைக் கிள்ளினேன். மற்றவற்றுக்கு, அணிலுக்காக என்று சொல்லி, காகிதப் பை மாட்டினேன். பைக்குள் என்ன நிறம் என்று அவர் யோசிக்கவே இல்லை.

வெளிக்குலை பத்து நாள் முந்திக் கறுத்தது. வெள்ளிக்கிழமை காலை ஸ்டூலோடு வந்தார்.

"சாமி குல எங்க போயி தொங்கினு கீது பாரு. கொஞ்சம் ஸ்டூல புட்ச்சிக்கினு நில்லு சார்."

பிடித்துக்கொண்டேன். ஒரு முழங்காலைச் சுவரில் ஊன்றி வெளியே சாய்ந்தார். குலை கைக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்தேன். கீழே மூன்று மாடி, சிமெண்ட் தரை.

"எப்பவுமே அவருக்கு அவசரம் சார்" என்று அழுதார் அவர் மனைவி சாவித்திரி. அவசரம்தான் குறை என்று அந்த வீட்டில் புரிந்தது அந்த அம்மாவுக்கு மட்டும்தான்.

நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். தையில் தொடங்கிய வேலைக்கு அது சரியான பெயரில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நேற்று பைகளைப் பிரித்தேன். விதைகள் பழுப்பு. ஒரு குலை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன், ருசித்துப் பாருங்கள்.

சிக்கல் தீர்ந்தது. முதலில் கறுக்கும் குலையைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு, ஆள் எட்டியதும் ஸ்டூலை இழுத்துவிட்டால், மீதிக் குலைகள் முழுதாகப் பழுக்கின்றன.